தினமும் செத்து விழும் தெரு!

கியோட்டோன்னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடும்? செர்ரிப் பூ, கிமோனோ, தங்கக் கோயில், ஒரு கப் பச்சை டீ... அதானே? எல்லாம் இருக்கு பாஸ். ஆனா, நான் போனது வேற பக்கம். கத்திச் சண்டையில் ஆயிரக்கணக்கான பேர் வெட்டுப்பட்டு விழுந்த ஒரு தெருவுக்கு!

2025 ஜூன். மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் பத்து நாள் ஜப்பான். அதில் ஒன்பது நாள் லேப், செமினார், பவர்பாயின்ட். ஒரே ஒரு நாள்தான் ஃப்ரீ. கூட வந்த கூட்டம் மொத்தமும் தங்கக் கோயிலுக்குக் கிளம்ப, நான் மட்டும் குடையும் கையுமாக ஷிஜோ ஓமியாவில் 'ரான்டென்' ஏறினேன். குட்டியூண்டு டிராம். கொஞ்ச தூரம் வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகிறது. திடீரென்று ரோட்டுக்கு வந்து கார்களோடு காராக ஓடுகிறது. உஸுமாசா கோர்யூஜி நிறுத்தத்தில் இறங்கினால், எதிரே ஒரு பழைய கோயிலின் பிரமாண்டமான மர வாசல். வெளியே நல்ல மழை.

மர வாசல், மழை... ஏதாவது ஞாபகம் வருதா? யெஸ், 'ராஷோமோன்'!

அகிரா குரோசவா 1950-ல் அந்தப் படத்தை எடுத்தது இதே உஸுமாசாவில்தான், டாயெய் கம்பெனியின் ஸ்டூடியோவில். அந்த இடிந்த வாசல், ஸ்டூடியோவில் போட்ட செட். மழை கேமராவில் சரியாகப் பதியவில்லை என்று தண்ணீரில் கறுப்பு மையைக் கலந்து கொட்டினார்கள். படம் முடிந்தபோது கம்பெனி முதலாளிக்கே கதை புரியவில்லையாம்! 1951-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் கிடைத்தபோது, படம் அங்கே போட்டிக்குப் போனதே குரோசவாவுக்குத் தெரியாது. மீன் பிடிக்கப் போய்விட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவருக்கு, மனைவி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ஒரே சம்பவத்தை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லும் அந்த உத்திதான் 1954-ல் எஸ்.பாலசந்தரின் 'அந்த நாள்' வழியாக நம்ம ஊருக்கும் வந்தது.

டாயெய் 1971-ல் திவாலானது. 1986-ல் ஸ்டூடியோவும் மூடப்பட்டது. இப்போது அங்கே பள்ளிக்கூடமும் குடியிருப்புகளும்தான். ஆனால், பக்கத்துக் கடைத்தெருவுக்கு இன்னமும் பேர் 'டாயெய் தெரு'! தெருவிளக்கெல்லாம் சினிமா கேமரா வடிவத்தில். காய்கறிக் கடை, முடிவெட்டும் கடை வரிசைக்கு நடுவே முறைத்தபடி நிற்கிறார் ஒரு ராட்சத கல் சாமி. 1966-ல் இங்கே எடுத்த 'டாய்மாஜின்' பட ஹீரோ. ஒரு பாட்டி அவர் காலடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, கூலாக மீன் வாங்கப் போனார். கென்ஜி மிசோகுச்சி 'உகெட்சு' (1953), 'சான்ஷோ' (1954) எடுக்க நடமாடிய ஏரியா சார் இது! உள்ளூர்க்காரர்களுக்கு அது பழகிவிட்டது.

சரி, கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். ஜப்பானில் சரித்திரப் படங்களுக்கு 'ஜிடாய்கெகி' என்று பெயர். அது பிறந்த ஊர் கியோட்டோ. 'ஜப்பான் சினிமாவின் தந்தை' எனப்படும் ஷோசோ மகினோ, 1908-ல் இங்கே ஒரு கோயில் வளாகத்தில்தான் தன் முதல் படத்தை எடுத்தார். நிஜக் கோயிலும் நிஜக் காடும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது செட் எதற்கு? 1923-ல் டோக்கியோ பக்கம் பெரிய பூகம்பம். அங்கிருந்த ஸ்டூடியோக்காரர்கள் பலரும் கியோட்டோவுக்கு மூட்டை கட்டினார்கள். 1926-ல் ஸ்டார் நடிகர் பாண்டோ சுமாசாபுரோ உஸுமாசாவில் ஒரு ஸ்டூடியோ கட்டினார். கைமாறிக் கைமாறி, அதுதான் இன்றைக்கு டோயெய் கம்பெனியின் கியோட்டோ ஸ்டூடியோ. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவ நிர்வாகம் சாமுராய்ப் படங்களுக்குக் கடிவாளம் போட்டது. எஜமான விசுவாசம், பழிவாங்கல் எல்லாம் மக்களைத் திரும்பவும் கெடுத்துவிடும் என்ற பயம். 1952-ல் அந்த நிர்வாகம் கிளம்பியதும் கத்திகள் மறுபடியும் உறையிலிருந்து வெளியே வந்தன.

'எஜமான விசுவாசம்'... இந்த வார்த்தையைக் கொஞ்சம் பிடிச்சு வைங்க. நாம திரும்ப வருவோம்.

ஐந்து நிமிட நடையில் எய்கமுரா. 'சினிமா கிராமம்' என்று அர்த்தம். 1958-ல் ஜப்பானில் விற்ற சினிமா டிக்கெட் சுமார் 112 கோடி. டி.வி வந்ததும் 1963-க்குள் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. செட்டுகளை சும்மா வைத்திருப்பானேன் என்று, 1975-ல் டோயெய் தன் ஸ்டூடியோவின் ஒரு பகுதியைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குத் திறந்துவிட்டது. மரப்பாலம், காவல் கோபுரம், சாராயக்கடை, மண்பாதை எனப் பழைய எடோ காலத் தெரு. பக்கத்து நிஜ ஸ்டூடியோவில் ஷூட்டிங் தனியாக நடக்கும்.

நான் போன நேரம் ஒரு சண்டை ஷோ. ஒரு ஹீரோ, நாலு வில்லன்கள். விஷ்க்... விஷ்க்... இரண்டே நிமிடத்தில் நாலு பேரும் தரையில். கைதட்டல். ஷோ முடிந்ததும் சனம் மொத்தமும் ஹீரோவோடு செல்ஃபி எடுக்கப் பாய்ந்தது. செத்துப்போன நாலு பேரும் எழுந்து, தூசி தட்டி, கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். அதில் வயதான ஒருவர், விழுந்தபோது கழன்றுபோன தன் வைக்கோல் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு ஓரமாக நடந்தார். அவரை யாரும் பார்க்கவில்லை. நானும் ஹீரோவைத்தான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்போதுதான் செய்சோ ஃபுகுமோட்டோ ஞாபகம் வந்தது.

'தி லாஸ்ட் சாமுராய்' (2003) பார்த்திருப்பீங்க. டாம் குரூஸ் பின்னாலேயே ஒரு வார்த்தை பேசாமல் சுற்றும் தாத்தா இருக்காரே, அவர்தான். 15 வயதில் டோயெய் ஸ்டூடியோவுக்கு வந்தவர். வேலை? சாவது! 'கிராரேயாகு', அதாவது வெட்டுப்படும் ஆள். 50 ஆயிரம் தடவை செத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். வெட்டு விழுந்ததும் உடம்பை இறால் மாதிரி பின்னோக்கி வளைத்து, அப்படியே சரிவார். அதற்கு 'இறால் வளைவு' என்றே பெயர். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அப்படி வளையும்போது முகம் கேமரா பக்கம் திரும்பிவிடும்! சாகிற அரை நொடியாவது தன் முகம் திரையில் தெரியணும் இல்லையா? எத்தனை நாள் ஆசை அது!

இவரைப் போன்றவர்களுக்கு ஸ்டூடியோவில் தனி அறை கிடையாது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெரிய அறை. அதனால் 'பெரிய அறை நடிகர்கள்' என்றே பெயர். அவர்களுடைய உலகத்தைப் புரட்டிப் போட்டவர் ஒரு கேங்ஸ்டர் பட டைரக்டர்.

1960-களில் சாமுராய்ப் படம் போரடித்ததும், டோயெய் அதே கத்தியை யாகுசா கையில் கொடுத்தது. யாகுசா என்றால் ஜப்பானிய தாதாக்கள். 8, 9, 3 என்று ஒரு சீட்டாட்டத்தில் விழும் உதவாக்கரைக் கூட்டுத்தொகை. ஜப்பானிய மொழியில் ய-கு-ச. பேரிலேயே 'வேஸ்ட்' என்று அர்த்தம்! ஆனால் படங்களில் அவர்கள் உத்தமர்கள். கென் தகாகுரா, கோஜி சுருதா மாதிரி ஹீரோக்கள் கடைசி ரீல் வரை அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு, கடைசியில் தலைவருக்காகத் தனியாகப் போய் வெட்டிச் சாய்ப்பார்கள். ஜுன்கோ ஃபுஜி நடித்த 'சிவப்புப் பியோனி சூதாடி' வரிசையில் (1968-72) மொத்தம் 8 படங்கள். முதல் படம் கோசாக்கு யமாஷிதா டைரக்‌ஷன். அதே 1968-ல் போராட்டத்தில் இறங்கிய கல்லூரி மாணவர்கள்தான் இந்தப் படங்களுக்கு வெறித்தனமான ரசிகர்கள்.

1973. கின்ஜி ஃபுகாசாக்கு வந்தார். இதே டோயெய் கியோட்டோ ஸ்டூடியோவில் 'ஜிங்கி நாகி டடகாய்' எடுத்தார். 'தர்மமில்லாத சண்டை' என்று சொல்லலாம். குரே நகரத்து யாகுசா ஒருவர் ஜெயிலில் எழுதிய குறிப்புகள்தான் கதைக்கு அடிப்படை. முதல் காட்சியே ஹிரோஷிமா அணுகுண்டின் காளான் புகை. அடுத்து 1946, கறுப்புச் சந்தை. கேமரா கையில் பிடித்தபடி ஓடுகிறது, ஆடுகிறது, தடுமாறி விழப் பார்க்கிறது. ஒருவன் செத்தால் ஃபிரேம் அப்படியே உறைந்து, பேரும் தேதியும் திரையில் விழுகின்றன. தலைவர்? அழுது, கெஞ்சி, காலில் விழுந்து பையன்களை அனுப்புவார். அவர்கள் ஜெயிலுக்குப் போனதும் கணக்கை மாற்றி எழுதுவார். தலைவர் சாகவே மாட்டார். சாவது எல்லாம் இருபது, இருபத்தைந்து வயசுப் பையன்கள்.

ஃபுகாசாக்குவுக்கு இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது? போரின்போது 15 வயதில் அவர் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாணவர். தாக்குதலில் செத்த சக மாணவர்களின் உடல்களை அப்புறப்படுத்தும் வேலை அவர் தலையில் விழுந்தது. 'நாட்டுக்காக' என்று பேசிய பெரியவர்கள் பிழைத்திருந்தார்கள். போதாதா?

இதே கோபத்தை மசாக்கி கோபயாஷி 'ஹராகிரி'யில் (1962) சாமுராய் உடையில் சொல்லியிருந்தார். அதில் குலப் பெருமைக்கு அடையாளம் ஒரு வெற்றுக் கவசம். உள்ளே ஆளே கிடையாது! அந்த வெற்றுக் கவசத்துக்காகத்தான் அத்தனை உயிரும்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு யாராவது ஞாபகம் வர்றாங்களா? எனக்கு வந்தது. ஃபர்ஸ்ட் இயரில் ஹாஸ்டலில் ஒரு 'அண்ணன்'. அவருக்கும் இன்னொரு குரூப்புக்கும் தகராறு. "நம்ம பசங்கடா"ன்னு ஒரு வார்த்தை சொன்னார். நானும் என் ரூம்மேட்டும் பின்னால் போய் நின்றோம். மாட்டியது ரூம்மேட் மட்டும். ஒரு செமஸ்டர் சஸ்பென்ஷன். அவன் அப்பா ஊரிலிருந்து வந்து, ஆபீஸ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை. அண்ணன் பிளேஸ்மென்ட் வாங்கிப் போய்விட்டார். இப்போ போன் போட்டால் எடுப்பதில்லை. 'நானும்தான் இருந்தேன்' என்று நானும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. இறால் வளைவில் விழுந்தவன் அவன். கேமராவுக்கு வெளியே தப்பித்தவன் நான்.

ஃபுகாசாக்கு இன்னொரு வேலையும் செய்தார். பெரிய அறை நடிகர்களை ஃபிரேமுக்குள் இழுத்து வந்தார். கூட்டத்தில் ஒருவனாக நின்ற தகுசோ கவாதானி, இரண்டாம் பாகத்தில் படகில் கட்டி இழுக்கப்பட்டு, குண்டு வாங்கிச் சாகும் காட்சியில் ஊரே பேசும் ஆளானார். 1975-ல் இந்தத் துணை நடிகர்கள் சேர்ந்து 'பிரான்யா கும்பல்' என்று பேர் வைத்துக்கொண்டார்கள். பிரான்யா, அதான் அந்தக் கடிக்கிற மீன். பசி அப்படி!

ஃபுகுமோட்டோவுக்கு முறை வர இன்னும் நாளானது. 2011-ல், இங்கே படமாகி 40 வருடத்துக்கு மேல் ஓடிய 'மிட்டோ கோமோன்' தொடர் முடிந்தது. வெட்டவே ஆளில்லை, வெட்டுப்படுவது எங்கே? அந்த நேரத்தில்தான் 'உஸுமாசா லைம்லைட்' (2014). வேலை குறைந்துபோன ஒரு கிராரேயாகுவின் கதை. 70 வயதில் முதல் தடவையாக ஹீரோ. கனடாவின் ஃபான்டேசியா விழாவில் சிறந்த நடிகர் விருது! 'எங்கேயோ யாரோ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்', இது அவரைப் பற்றிய புத்தகத்தின் தலைப்பு. 2021 ஜனவரி 1-ல் நிஜமாகவே கண்ணை மூடினார்.

கதை அங்கே முடியலை பாஸ். ஜுன்இச்சி யசுதா என்று ஒருவர். நெல் விவசாயி, சினிமா டைரக்டர் இரண்டும். காரை விற்று, சேமிப்பைக் கரைத்து ஒரு படம் எடுத்தார். எடோ காலத்து சாமுராய் ஒருவன் மின்னல் தாக்கி, இன்றைய கியோட்டோ ஸ்டூடியோவில் வந்து விழுகிறான். பிழைக்க என்ன செய்வான்? வெட்டுப்பட்டுச் சாகும் வேலை! கதை பிடித்துப்போய் டோயெய் ஸ்டூடியோ ஆட்களே கைகொடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் டோக்கியோவில் ஒரே ஒரு தியேட்டரில் ரிலீஸ். 2025 மார்ச்சில் ஜப்பான் அகாடமியின் சிறந்த படம் அதுதான். ஃபுகுமோட்டோ நடிக்க வேண்டிய குரு வேடத்தை, அவர் போனபின் அவரோடு வேலை பார்த்த ரன்டாரோ மினே செய்தார்.

மழை விட்டிருந்தது. கிளம்பும்முன் அடுத்த ஷோவையும் பார்த்தேன். அதே ஹீரோ, அதே நாலு பேர். இந்த முறை நான் அந்தச் செருப்புத் தாத்தாவை மட்டும் பார்த்தேன். கத்தி அவர்மேல் படவே இல்லை, ஒரு சாண் தள்ளித்தான் போனது. ஆனால் அவர் உடம்பு வளைந்த விதத்தில் எனக்கு வலித்தது. அவர் சரியாக விழவில்லையென்றால், ஹீரோ வெறுமனே குச்சி சுற்றுகிற ஆள்தான்! ஷோ முடிந்ததும் நான் மட்டும் அவர் பக்கம் திரும்பிக் கைதட்டினேன். சட்டென்று நின்று, இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

திரும்பும் டிராமில் ரூம்மேட்டுக்கு ஒரு மெசேஜ் அடித்தேன். இரண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியது. "ஸாரிடா மச்சி. அன்னிக்கு நானும் உன்கூடத்தான் இருந்தேன்னு ஹெச்.ஓ.டி கிட்ட சொல்லியிருக்கணும்."

ஷிஜோ ஓமியா வருவதற்குள் பதில் வந்தது. "தெரியும்டா. அந்தக் கத்திப் படம் எல்லாம் பென்டிரைவ்ல எடுத்துட்டு வா."