பேட்டரி டிக்கிக்குப் போனால்...

மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்துப் பிரம்மதேசத்தில் ஒரு பழைய மாருதி 800 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அந்தக் குடும்பத்துக்கு அதுதான் வண்டி. அந்த வீட்டுப் பையனுக்கு ஒரு யோசனை. பானெட்டுக்குள் இன்ஜின் சூட்டில் கிடந்து வேகும் பேட்டரியைத் தூக்கி டிக்கியில் வைத்தால் என்ன?

யோசனை தப்பில்லை, புதிதும் இல்லை. 1959-ல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வந்த மினி காரிலேயே பேட்டரி டிக்கியில்தான் இருந்தது. முன்பக்க எடையும் பின்பக்க எடையும் சமமாக இருக்கட்டும் என்று பி.எம்.டபிள்யூ.வும் பல மாடல்களில் பேட்டரியைப் பின்னால் வைத்தது. சூடு குறைந்தால் பேட்டரியின் ஆயுளும் கூடும். லாபக் கணக்கு இதுவரை சரி. செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டுமே!

முதல் செலவு கேபிள். பானெட்டுக்குள் இருந்தவரை பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான். டிக்கியிலிருந்து வளைந்து நெளிந்து போனால் நாலு மீட்டராவது ஆகும். செல்ஃப் அடிக்கும்போது 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 10 சதுர மி.மீ. செம்புக் கேபிள் அந்த நாலு மீட்டரிலேயே 1 வோல்ட்டைத் தின்றுவிடும். 35 சதுர மி.மீ. போட்டால் 0.3 வோல்ட்தான் போகும். வீட்டு ஒயரிங்கில் மிச்சமானதை வைத்து ஒப்பேற்றுகிற வேலை இல்லை இது.

இரண்டாவதுதான் முக்கியம். "12 வோல்ட்தானே, தொட்டால் ஷாக்கூட அடிக்காது" என்று பலரும் சொல்வார்கள். ஷாக் அடிக்காது, ஆனால் தீப்பிடிக்கும். வண்டியின் பாடி முழுவதும் எர்த். விரிப்புக்கு அடியில் போகிற பாசிட்டிவ் கேபிள் ஒரு தகர விளிம்பில் உரசி உரசித் தோல் கிழிந்தால், பேட்டரி அந்த இடத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வெல்டிங் பட்டறையில் பார்க்கிற அதே பொறிதான். பக்கத்திலேயே பெட்ரோல் குழாய்!

இதற்குத் தடுப்பு ஒரு பியூஸ். அதை எங்கே போடுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பானெட்டுக்குள் போட்டால் பார்வைக்கு வசதி, ஆனால் வழியில் கேபிள் உரசினால் அந்தக் கரண்ட் பியூஸ் வரைக்கும் போகவே போகாது. பேட்டரியை விட்டு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். செல்ஃப் இழுப்பதை அது தாங்க வேண்டும், ஆனால் கேபிள் சூடேறுவதற்கு முன்னால் தான் போய்விட வேண்டும். தகரத்தில் ஓட்டை போடும் இடமெல்லாம் ரப்பர் வளையம், வழி நெடுக உறைக்குழாய், சைலன்சரிடமிருந்தும் சீட் தண்டவாளத்திடமிருந்தும் தள்ளியே பாதை.

பந்தய வண்டிகளில் இன்னும் கண்டிப்பு அதிகம். மொத்தக் கரண்டையும் இன்ஜினையும் சேர்த்து நிறுத்துகிற ஒரு சுவிட்சை உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் இயக்க முடிய வேண்டும் என்பது சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் விதி. வெளிச் சுவிட்ச் இருக்கும் இடத்தில் நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் வரைந்திருக்கும்.

மூன்றாவது எர்த். வணிகவியல் படிப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். பற்று எவ்வளவோ வரவும் அவ்வளவு. போன கரண்ட் எல்லாம் திரும்பி வந்தாக வேண்டும். அதனால் நெகட்டிவ் கேபிளும் அதே தடிமன், பெயிண்டைச் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்கிய போல்ட். இங்கேதான் ஊர் குறுக்கே வருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடற்கரையில் பல ராத்திரிகள் அப்படித்தான். சுரண்டிய இரும்பும் செம்பு லக்கும் உப்புத் தண்ணீரில் நனைந்தபடி இருந்தால் துரு சும்மா இருக்குமா? இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவி மூட வேண்டும். மாதம் ஒரு முறை திறந்தும் பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பேட்டரியே. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். ஆகவே மூடிய பெட்டி, அதிலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு குழாய். மோதலில் பத்துக் கிலோ பேட்டரி பின் சீட்டு மேல் பாயாமலிருக்க இரும்புப் பட்டை போட்டுப் பாடியோடு போல்ட் செய்ய வேண்டும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். அப்போதுதான் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

வேலை முடிந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. காப்பீடு என்பதே எதையும் மறைக்காத நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம் என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதற்கும் பொருந்தும்.

பழைய வண்டியில் கை வைக்கவே கூடாது என்பதில்லை. கம்பெனி செய்தால் அதைச் சோதிக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். வீட்டு வாசலில் செய்தால் செய்தவர்தான் சோதிக்கவும் வேண்டும். பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வரும் பாட்டிக்குத் தன் காலடியில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. தெரிந்தவன் அந்த ஒரு சாணுக்குள் பியூஸைப் போட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.