குருதி எழுதும் இடாப்பு

மேலதிகாரி பாடசாலையைப் பார்வையிட வரும் ஒரு நாளைக் கொண்டு மாணவனின் ஒழுக்கத்தை மட்டிடுதல் முறையன்று. தவணை முழுவதற்குமுரிய வரவு இடாப்பே உண்மை கூறும். நீரிழிவு நோய்க்கும் அத்தகைய இடாப்பொன்று உண்டு. அதனை எச்பிஏ1சி பரிசோதனை என்பர்.

வெறுவயிற்றில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை அப்பொழுதைய சர்க்கரையை மட்டுமே காட்டும். காலஞ்சென்ற என் தந்தையார் அப்பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் அரைவயிறு உண்பார். கணக்கும் நன்றாகவே வரும். ஆண்டுகள் பல இவ்வாறு கழிந்தன. ஈற்றில் அவர்தம் கண்ணொளி மங்கிற்று. பத்திரிகையை அவருக்கு வாசித்துக் காட்டும் பணி என்னுடையதாயிற்று.

குருதியிலுள்ள குளுக்கோசு, செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை மிகுந்தால் ஒட்டுவதும் மிகும். செங்குழியத்தின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். ஆதலின் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி அதிற் பதிந்திருக்கும். கடைசி மாதத்தின் பங்கே அதிகம். இரு நாட் பட்டினியால் இவ்விடாப்பைத் திருத்த இயலாது.

5.7 வீதத்துக்குக் குறைந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை, 6.5உம் அதற்கு மேலும் நீரிழிவு. நோயாளர் பலர்க்கு 7க்குக் கீழ் என்பதே இலக்கு. முதியோர்க்கு வைத்தியர் இதனைச் சற்றுத் தளர்த்துவதும் உண்டு. 7 வீதம் என்பது, டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 154 மில்லிகிராம் சராசரிச் சர்க்கரைக்குச் சமம். இரத்தச்சோகை உடையார்க்கு இக்கணக்குப் பிழைபடவுங் கூடும். அதனை வைத்தியருக்கு முன்னரே கூறுதல் வேண்டும்.

எனக்கு முதன்முறை வந்தது 7.9. மருந்தை நேரந் தவறாது உட்கொண்டேன். சோற்றைக் கைவிட்டேனல்லேன், கோப்பையில் அதற்குக் காற்பங்கும், கீரைக்கும் மரக்கறிக்கும் அரைப்பங்கும், பருப்புக்கும் கடலைக்கும் எஞ்சியதும் வகுத்தேன். தேநீரிற் சீனியை நிறுத்தினேன். குரக்கன் பிட்டாயினும் அளவு மிஞ்சினால் சர்க்கரை ஏறும் என்பதையும் கண்டுகொண்டேன். இராவுணவின்பின் கால் மணி நேரம் வீதியில் நடந்தேன். மூன்று மாதத்தின் பின் வந்தது 6.9. சிறு வேற்றுமைதான், ஆயினும் கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பது இத்தகைய சிறு வேற்றுமையே.

நாற்பதைக் கடந்த பழைய மாணவ நண்பர்களே, இப்பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். இதற்குப் பட்டினி வேண்டுவதில்லை. பெறுபேறு நன்றன்றெனின் மனந்தளர வேண்டா. மருந்தின் அளவைத் தாமாக மாற்றவும் வேண்டா. ஒரு தவணை இடாப்பு நிரம்பிற்றாயின், அடுத்ததன் முதல் ஏடு வெறுமையாகவே நம்முன் கிடக்கின்றது.