கோவூர் சந்நிதியில் ஒரு சஹானா

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லியைக் கடந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில், திருமழிசைக்கு அருகில் இருக்கிறது குத்தம்பாக்கம். இவ்வூரில் குடியிருப்பவர்களுக்குத் தெய்வ தரிசனத்துக்குக் குறைவே இல்லை. திருமழிசையாழ்வார் அவதரித்த தலம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஜகந்நாதப் பெருமாளையும் சேவிக்கலாம், ஒத்தாண்டேஸ்வரரையும் வணங்கலாம். பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். வேற்காட்டில் கருமாரி, மாங்காட்டில் காமாட்சி. இத்தனை தலங்களுக்கும் ஆண்டுதோறும் தவறாமல் சென்றுவந்த ஒரு முதிய தம்பதியர், அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய கோவூருக்கு மட்டும் 11 ஆண்டுகளாகச் செல்லவே இல்லை. தூரம் அதற்குக் காரணமன்று.

அந்த அம்மையார் ஓய்வுபெற்ற இசை ஆசிரியை. கும்பகோணத்தில், பாவாடை தாவணி வயதில், கண்டிப்பான ஒரு பாட்டு வாத்தியாரிடம் பயின்றவர். பள்ளியில் கற்பித்தது போக, மாலை வேளைகளில் வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவந்தார். ஓய்வு பெற்ற ஆண்டில் கழுத்தில் ஒரு கட்டிக்காக அறுவை சிகிச்சை நடந்தது. நோய் தீர்ந்தது, குரல் மாறிவிட்டது. மேல் ஸ்தாயியில் காற்று மட்டுமே வந்தது. அதன்பின் அவர் பாடவில்லை. குத்தம்பாக்கத்துக்குக் குடிவந்தபோது தம்புராவை உறையிட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அது அப்படியே இருந்தது. பூஜை நேரத்தில் குறுந்தகடு பாடும். அவர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

கோவூருக்குப் போகலாமா என்று கணவர் இருமுறை கேட்டதுண்டு. "அந்தச் சந்நிதியில போய் வாயை மூடிக்கிட்டு என்னால நிக்க முடியாதுங்க" என்று ஒருமுறை பதில் சொன்னார். மறுமுறை பதிலே சொல்லவில்லை.

கணவர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிந்தவர். தாளம் கூடப் போடத் தெரியாது என்று தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்வார். மனைவி பாட்டுச் சொல்லிக்கொடுத்த நாள்களில், உள்ளறையில் அமர்ந்து அலுவலகக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் சங்கீதத்தோடு அவருக்கு இருந்த உறவு.

சென்ற ஆண்டு, ஜெர்மனியின் மியூனிக் நகரில் வாழும் மகளின் வீட்டுக்கு இருவரும் சென்றிருந்தார்கள். அங்கிருந்து இரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஆஸ்திரிய நாட்டின் சால்ஸ்பர்க் நகரை அடையலாம். மேலைச் சங்கீத மேதை மொசார்ட் 1756ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் பிறந்த வீடு அங்கே இருக்கிறது. குறுகலான கடைத்தெருவில், மஞ்சள் வண்ணம் பூசிய பல மாடிக் கட்டடம். 1880ஆம் ஆண்டு முதல் அது அருங்காட்சியகமாக விளங்குகிறது. மொசார்ட் சிறுவனாக இருந்தபோது வாசித்த சின்னஞ்சிறு வயலின், பின்னாளில் வாசித்த வயலின், இசைக்கருவிகள், கடிதங்கள், ஓவியங்கள், ஒரு கற்றைத் தலைமுடி கூட அங்கே கண்ணாடிக்குள் காக்கப்படுகின்றன. நாடு நாடாக வந்த மக்கள் குரல் தாழ்த்தி, வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஏறக்குறைய கர்ப்பக்கிருகத்தின் முன் நிற்பது போன்ற அமைதி.

அம்மையார் அந்தச் சிறு வயலினின் முன் நெடுநேரம் நின்றார். வெளியே வந்ததும் கணவர் கேட்டார்: "நம்ம தியாகராஜ சுவாமிகளுக்கு இப்படி ஒரு வீடு உண்டா?"

உண்டு என்றுதான் சொல்லவேண்டும். திருவாரூரில் 1767ஆம் ஆண்டு அவதரித்த சுவாமிகள் வாழ்ந்த வீடு திருவையாற்றில், திருமஞ்சன வீதியில், நினைவிடமாகப் போற்றப்படுகிறது. 1847ஆம் ஆண்டு சித்தியடைந்தபின் அவருடைய திருமேனி காவிரிக் கரையில் அடக்கமாயிற்று. அந்தச் சமாதி கேட்பாரற்றுக் கிடந்த காலம் ஒன்றிருந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் நிலத்தைப் பெற்று, தம் பொருளையெல்லாம் செலவிட்டு, அங்கே ஆலயம் எழுப்பினார். 1926ஆம் ஆண்டு அதற்குக் குடமுழுக்கு நடந்தது. அந்நாளில் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. அவர் எழுப்பிய ஆலயத்திலேயே அவர் குலத்துப் பெண்கள் பாடுவதற்கு அவர் போராட வேண்டியிருந்தது என்பதை, இன்று தைமாதப் பகுள பஞ்சமியில் ஆயிரக்கணக்கான குரல்கள் சேர்ந்து ஒலிக்கும்போது எத்தனைபேர் நினைக்கிறார்களோ! 1952இல் அம்மையார் மறைந்தபின், அவருடைய சமாதியும் சுவாமிகளின் சந்நிதியை நோக்கியே அமைந்தது.

ஆயினும் சால்ஸ்பர்க்கில் இருப்பது போன்ற பொருள்களைத் தேடினால் நமக்குக் கிடைப்பவை குறைவு. சுவாமிகள் பாடுவார், சீடர்கள் ஓலையில் எழுதிக்கொள்வார்கள். வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் வழியில் காக்கப்பட்ட சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் இன்றும் இருக்கின்றன. உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று ஊர்ப்பெயரால் வழங்கும் சீட பரம்பரைகள் இருந்தன. இன்று நம் கைக்கு வந்திருக்கும் சுமார் 700 கிருதிகளும் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்கு இறங்கியவையே. நடுவில் ஒருவர் சொல்லிக்கொடுக்காமல் போயிருந்தால், அவரோடு அத்தனை கிருதிகள் போயிருக்கும். போனவை எவ்வளவோ!

இதையெல்லாம் மகளுக்கு விளக்கிக்கொண்டே வந்த அம்மையார், திரும்பும் இரயிலில் பேச்சை நிறுத்திவிட்டார். ஊருக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, "புதன்கிழமை கோவூருக்குப் போகலாங்க" என்று தாமாகவே சொன்னார்.

கோவூர், போரூரிலிருந்து குன்றத்தூர் செல்லும் சாலையில் இருக்கிறது. மாங்காட்டில் அன்னை காமாட்சி நெருப்பின் நடுவே நின்று தவம் செய்தபோது எழுந்த வெம்மையில் உலகம் வாட, மகாலட்சுமி பசு வடிவெடுத்துச் சிவபெருமானை வழிபட்ட இடம் இது என்பது தலபுராணம். 'கோ' வழிபட்டதால் கோவூர். இறைவன் சுந்தரேஸ்வரர், திருமேனீஸ்வரர் என்றும் வழங்குவர்; அம்பிகை சௌந்தராம்பிகை. தொண்டை மண்டலத்து நவக்கிரகத் தலங்களுள் இது புதனுக்கு உரியது. ஆதலால் புதன்கிழமைகளில் பிள்ளைகளின் படிப்புக்காக நேர்ந்துகொண்டு வருபவர்கள் மிகுதி.

இந்தச் சிற்றூருக்குச் சுவாமிகள் வந்த வரலாறு இனியது. காஞ்சியில் இருந்த உபநிஷத் பிரம்மேந்திரர் சுவாமிகளின் தந்தைக்கு நண்பர். அவர் அழைப்பை ஏற்று, முதிர்ந்த வயதில் திருவையாற்றை விட்டுப் புறப்பட்ட சுவாமிகள் காஞ்சி, திருப்பதி, சென்னை என்று யாத்திரை செய்தார். சென்னையில் அவரைத் தம் இல்லத்தில் வைத்துப் போற்றியவர் கோவூர் சுந்தரேச முதலியார். அவர் தம் சொந்த ஊருக்கும் சுவாமிகளை அழைத்துவந்தார். முதலியார் தம்மேல் ஒரு பாட்டு வேண்டினார் என்றும், மனிதரைப் பாடாத சுவாமிகள் அதே பெயர் கொண்ட இறைவனைப் பாடினார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி உலவுகிறது. தஞ்சை மன்னரின் அழைப்பையே மறுத்தவராயிற்றே! செய்தி எப்படியாயினும், வாழ்நாளெல்லாம் இராமனையே உருகிப் பாடிய வாய் இங்கே சிவபெருமானை ஐந்து கிருதிகளால் பாடியது. பந்துவராளி, சஹானா, கரஹரப்பிரியா, கல்யாணி, சங்கராபரணம் ஆகிய இராகங்களில் அமைந்த அவையே கோவூர் பஞ்சரத்தினம்.

அவர் விடைபெற்றபோது நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியும் அன்பர்கள் அறிந்ததே. ஸ்ரீராமநவமி உற்சவத்துக்கென 1000 பொன்னை முதலியார் சுவாமிகளுக்குத் தெரியாமல் பல்லக்கில் வைத்தார். நாகலாபுரம் காட்டுவழியில் கள்வர் சூழ்ந்தனர். அப்போதுதான் செய்தி அறிந்த சுவாமிகள், கொடுத்துவிடுங்கள் என்றார். இராமனுக்கென்று வைத்தது என்று சீடர் கூற, அப்படியானால் அவனே பார்த்துக்கொள்வான் என்று பாடத் தொடங்கினார். பல்லக்கின் இருபுறமும் வில்லேந்தி வந்த இரண்டு இளைஞர்கள் யார் என்று விடிந்ததும் கள்வர்களே வந்து வணங்கிக் கேட்டார்கள் என்பது மரபு.

அந்தப் புதன்கிழமை தம்பதியருடன், மாடி வீட்டில் குடியிருக்கும் ஒரு பெண்ணும் அவளுடைய 11 வயது மகளும் புறப்பட்டார்கள். சிறுமிக்குக் கணக்கு வரவில்லை. புதன் பகவானிடம் முறையிடுவதாக வேண்டுதல். பூவிருந்தவல்லி வரை ஒரு பேருந்து, குன்றத்தூருக்கு மற்றொன்று, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வெயில் ஏறுவதற்குள் சேர்ந்துவிட்டார்கள்.

சந்நிதியில் பச்சை வஸ்திரமும் பச்சைப் பயறுமாகக் கூட்டம் நிறைந்திருந்தது. கூட்டம் கரையும்வரை அம்மையார் ஓரமாக ஒரு தூணருகே அமர்ந்திருந்தார். பின்னர் எழுந்துவந்து நின்றார். தீபாராதனை காட்டிய குருக்கள், "தியாகராஜ சுவாமிகள் பாடின மூர்த்தி இவர்" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"இவங்க பாட்டு டீச்சர்" என்றாள் சிறுமி. கணக்கு வராவிட்டாலும் பேச்சு வரும்.

குருக்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "அப்படின்னா ஒண்ணு பாடுங்கோம்மா. பாடத் தெரிஞ்சவா வந்தா நான் விடறதில்லை."

"குரல் போயிடுச்சு சாமி."

"பரவாயில்லை. இங்கே மைக் கிடையாது."

அம்மையார் சிறிது நேரம் இறைவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பழைய சுருதியிலிருந்து வெகுவாக இறக்கி, சஹானாவில் மெல்லத் தொடங்கினார். இவ்வுலகில் உன்னைப் போன்ற தெய்வத்தை எங்கும் காணேன் என்று சுந்தரேசரை விளித்துப் பாடும் கிருதி அது. குரல் கரகரத்தது. மேலே போகவேண்டிய இடங்களில் போகாமல், சங்கதியைச் சுருக்கிக் கீழேயே வளைத்துக்கொண்டார். ஆனால் சஹானாவின் குழைவு கெடவில்லை. வலம் வந்துகொண்டிருந்த இரண்டு மூன்று பேர் நின்றார்கள்.

சரணத்தின் நடுவில் பாட்டு நின்றது. குரல் அன்று, சொல் மறந்துவிட்டது. எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அடி. அம்மையார் முந்தைய அடியை மீண்டும் பாடினார். அதே இடத்தில் மீண்டும் நின்றார். கண்கள் மூடியிருந்தன. தாளம் போட்ட கை தொடையின்மேல் அசையாமல் கிடந்தது.

அப்பொழுது பின்னாலிருந்து அந்த அடியின் முதல் இரண்டு சொற்கள் கேட்டன. இராகமும் இல்லை, தாளமும் இல்லை. கணக்கேட்டிலிருந்து படித்துக்காட்டுவது போல அவற்றைச் சொன்னவர் கணவர். தெலுங்கு அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. உள்ளறையில் அமர்ந்து கணக்குப் பார்த்த அத்தனை ஆண்டுகளும், பிள்ளைகள் தவறாகச் சொல்லச் சொல்ல மனைவி திருத்திய ஒவ்வொரு அடியும் அவர் காதில் விழுந்திருந்தது.

அம்மையார் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு சரணத்தை முடித்து, பல்லவிக்கு வந்தார்.

குருக்கள் சுவாமி மேலிருந்த மாலையை எடுத்து அவரிடம் கொடுத்தார். "மத்த நாலும் தெரியுமா?" என்று கேட்டார். கணவரைப் பார்த்துக் கேட்டாரா, அம்மையாரைக் கேட்டாரா என்பது விளங்கவில்லை. இருவரும் தலையசைத்தார்கள்.

திரும்பும் வழியில், பேருந்தின் சன்னலோரம் அமர்ந்திருந்த சிறுமி அந்தச் சஹானாவின் முதல் அடியை முனகிக்கொண்டே வந்தாள். பாதி சொற்கள் தப்பு. அம்மையார் இருமுறை பொறுத்தார். மூன்றாம் முறை திருத்தினார்.

கும்பகோணத்து வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதிய நோட்டுப் புத்தகம் பரணிலிருந்து இறங்கியது. தாள்கள் பழுத்து ஓரம் உதிர்ந்திருந்தன. ஐந்து கிருதிகளையும் அம்மையார் சொல்ல, கணவர் தம் கணக்கெழுத்தில் புது நோட்டில் படியெடுத்தார். சில இடங்களில் அவர் சொல்ல, அம்மையார் ஆமோதித்தார். விஜயதசமியன்று மாடி வீட்டுச் சிறுமி தேங்காய் பழத்துடன் கீழே வந்தாள். எடுத்தவுடனே கோவூர்ப் பாட்டுத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

அதெல்லாம் நடக்கவில்லை. மாலை 5 மணிக்கு அவ்வீட்டைக் கடந்து செல்பவர்களுக்கு இப்போது மாயாமாளவகௌளையில் சரளிவரிசை கேட்கிறது, மூன்று காலங்களிலும்.