ஊற்றாத எண்ணெய்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு வைகாசி மாதத்துப் பிற்பகல். தலவாக்கலையில் அலுவலை முடித்துக்கொண்டு ஹற்றனுக்குத் திரும்பும் பொருட்டுத் தெருவோரத்தில் நின்றிருந்தோம். அவ்வழியே வந்த கொழுந்து லொறியொன்று நம்மருகே நின்றது. அதன் சாரதி நமக்கு அறிமுகமானவர். அவருடைய மகன் நம்மிடம் பௌதிகம் பயின்றவன்.

“ஏறுங்க மாஸ்டர், போற வழிதானே” என்றார்.

சித்திரை மழைக்குப் பின் கொழுந்து பொங்கி வரும் காலம் அது. லொறியின் பின்புறம் சாக்குகளால் நிறைந்திருந்தது. கொய்த கொழுந்து நெடுநேரம் சாக்கில் அடைபட்டுக் கிடக்கலாகாது. தன் வெப்பத்தாலேயே புழுங்கிச் சிவந்துவிடும். காலந் தாழ்த்தாமல் அதை ஆலையின் வாட்டும் தட்டில் பரப்பிவிட வேண்டும். ஆகவே சாரதிக்கு அவசரந்தான். ஆயினும் அவர் கண் அடிக்கடி முன்பலகையிலிருந்த ஒரு சிறு மானியின்மீது சென்று மீள்வதைக் கவனித்தோம்.

டெவன் அருவி எதிர்மலையில் தோன்றும் இடத்தைக் கடந்து ஒரு வளைவில், எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட வேகத்தைத் தணித்தார். அக்கணமே மானியின் முள் சரிந்து அடியில் விழுந்தது. சிவப்பு விளக்கும் எரிந்தது. சாரதி ஒரு விநாடியும் தயங்கவில்லை. லொறியை ஓரங்கட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

கிளீனர்ப் பையன் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்தான். “அண்ணே, மானிதான் பழுதா இருக்கும். மெதுவா உருட்டிப் போயிரலாம். டீமேக்கர் ஐயா சத்தம் போடுவாரு” என்றான். சாரதி மறுமொழி கூறவில்லை. எண்ணெய் கீழே வடியட்டுமென்று சில நிமிடங்கள் பொறுத்திருந்தார். பின்னர் எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்த்தார். எண்ணெய் மேற்குறியையும் தாண்டி நின்றது.

நாம் நிம்மதியடைந்தோம். “எண்ணெய் தாராளமாக இருக்கிறதே! அப்படியானால் தம்பி சொன்னதுபோல மானிதான் பழுது” என்று நம்முடைய படிப்பின் துணிவோடு கூறினோம்.

சாரதி கம்பியை முகர்ந்து பார்த்து நம்மிடம் நீட்டினார். “மாஸ்டர், நாம ஊத்தாத எண்ணெய் எப்படிக் கூடும்?”

டீசல் நாற்றம் மூக்கில் அடித்தது. நாம் வாயடைத்து நின்றோம்.

வாசகர்களுக்கு ஒரு விளக்கம் வேண்டும். எண்ணெய்ப் பம்பி தானாக அமுக்கத்தை உண்டாக்குவதில்லை; எண்ணெயைத் தள்ளுவதே அதன் தொழில். தள்ளப்பட்ட எண்ணெய், சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே மயிரிழையளவான சந்துகளினூடே நெருங்கிச் செல்லும்போது தடையுறுகிறது. அத்தடையே மானியில் அமுக்கமாகத் தோன்றுகிறது. எண்ணெய் குறைந்தாலும், வழியில் சல்லடை அடைபட்டாலும், பம்பி தேய்ந்தாலும், மிகை அமுக்கத்தைத் தணிக்கும் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் முள் இறங்கும். பேரிங் தேய்ந்து சந்து அகன்றாலும், எண்ணெய் நீர்த்துத் தடையின்றி ஒழுகினாலும் அவ்வாறே.

அந்த எண்ணெய்ப் படலத்தின் வல்லமையை உலகம் அறிந்தது 1883ஆம் ஆண்டில். கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிய அதே ஆண்டு. இங்கிலாந்தில் போசம்ப் ரவர் என்னும் பொறியியலாளர், ரயில் அச்சின் பேரிங்குகளை ஆராய்கையில் பேரிங்கின் மேற்புறத்தில் ஒரு துளையிட்டார். அதன் வழியே எண்ணெய் பொங்கி வெளிவந்தது. மரத்தக்கையால் அடைத்தார்; தக்கையையும் அது வெளியே தள்ளியது. சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தல் வரை காட்டும் மானியைப் பூட்டினார். முள் அந்த எல்லையையும் கடந்தது. சுழலும் அச்சு தானே எண்ணெயை ஒடுங்கிய இடத்துக்குள் இழுத்து, அதன்மேல் மிதக்கிறது என்று 1886இல் ஒஸ்போர்ன் றெய்னோல்ட்ஸ் கணித வழியால் விளக்கினார். இரும்பு இரும்பைத் தொடாமல் காப்பது அம்மெல்லிய படலமே. டீசல் கலந்து எண்ணெய் நீர்த்தால் படலம் அறும். இரும்பு இரும்பை உண்ணும்.

வேறு லொறி வந்து கொழுந்தை மாற்றிக்கொள்ள இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அடிச்சாக்குகள் சில புழுங்கிவிட்டன. ஆலையில் சாரதி ஏச்சு வாங்கியதை நம் காதால் கேட்டோம். அவர் தலைகுனிந்து நின்றாரேயன்றி எதிர்வார்த்தை பேசவில்லை.

மறுநாள் மனங்கேளாமல் கராஜுக்குப் போனோம். “கெட்டியான எண்ணெயை ஊற்றினால் முள் ஏறிவிடும்” என்று அங்கிருந்த ஒருவர் யோசனை கூறினார். மூத்த மெக்கானிக் சிரித்தார். “முள்ளு ஏறும், நோவு போகாதே” என்றார். தொட்டியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சிறு பம்பியைக் கழற்றினார். அதன் சவ்வு கிழிந்திருந்தது. அவ்வழியாகவே டீசல் சொட்டுச் சொட்டாக எண்ணெயில் இறங்கியிருக்கிறது. கெட்டி எண்ணெய் ஊற்றியிருந்தால், சில நாளில் அதுவும் நீர்த்திருக்கும்.

சவ்வை மாற்றினார், பழைய எண்ணெயை முற்றாக வடித்தார். அடித்தொட்டியை இறக்கிப் பேரிங்குகளைப் பார்த்தபோது மெல்லிய கீறல்களே காணப்பட்டன. “நேத்து ஓட்டியிருந்தா தண்டே போயிருக்கும்” என்றார். புதிய வடிகட்டியும் எண்ணெயும் இட்ட பின்னரும் வண்டியின் மானியை மட்டும் நம்பவில்லை. தம்முடைய மானியொன்றைப் பூட்டி, இயந்திரம் சூடேறும்வரை ஓடவிட்டார். நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்குச் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தலேனும் வேண்டும் என்பது மெக்கானிக்குகள் பலர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. அதற்குக் குறையாமல் முள் நின்றது. சாரதி அப்போதுதான் ஒரு தேநீர் வாங்கிவரச் சொன்னார்.

அமுக்கத்தின் இலக்கணத்தை நாம் பல்லாண்டு கரும்பலகையில் எழுதியவர்கள். ஆயினும் கண்முன் அது பேசியபோது, நமக்குச் சாதகமான விடையைப் பற்றிக்கொண்டோம். சாரதியோ சாதகமான விடையையே சந்தேகித்தார். ஏச்சுக்கும் அஞ்சாமல் நின்றார்.

அதன் பின்னர் ஒவ்வோராண்டும் அமுக்கம் பற்றிய பாடத்தைத் தொடங்குமுன் மாணவரிடம் இவ்வினாவைக் கேட்கிறோம்: “ஊற்றாத எண்ணெய் கூடுவதேன்?” விடை எளிதில் வருவதில்லை. அதை நமக்குக் கற்பித்தவர் ஒரு லொறிச் சாரதி என்பதையும் மறவாமல் சொல்லி வருகிறோம்.