கேம்ப் என்றால் என்ன?

எங்கட ஊர்ப் பக்கம் "கேம்ப்" என்ற சொல்லுக்கு ஏற்கெனவே மூன்று அர்த்தம் இருக்கு. ஒன்று ஆமி கேம்ப். இரண்டாவது அகதி கேம்ப். மூன்றாவது 2019க்குப் பிறகு வந்தது. அதை வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. இந்த மூன்றையும் தாண்டி நாலாவது அர்த்தம் ஒன்றைக் கொண்டுவரலாமா என்று பார்க்கத்தான் நாங்கள் ஏழு பேர் இரண்டு டெண்டோடு கிளம்பினோம்.

கனமூலை எங்கே என்று தெரியாதவர்களுக்கு: புத்தளம் - கொழும்பு வீதியில் மதுரங்குளியில் இறங்கி உள்ளே வரவேண்டும். தென்னை, களப்பு, கைவிடப்பட்ட இறால் பண்ணைகள், உப்புக் காற்று. வடக்கே போனால் புத்தளம் களப்பு, தெற்கே முந்தல் களப்பு, இரண்டையும் ஒல்லாந்தர் கால வாய்க்கால் இணைக்குது. களப்புக்கு அந்தப் பக்கம் கற்பிட்டித் தீபகற்பத்தின் மணல்மேடுகள். இந்தப் பக்கம் வடக்கே வண்ணாத்திவில்லுக் காடு, அதுக்கும் அப்பால் வில்பத்து. களப்பு, காடு, மணல் மூன்றும் ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கிற ஊர் இலங்கையில் அதிகம் இல்லை. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து டெண்ட் அடித்துவிட்டுப் போறாங்க. நாங்கள்தான் வேலியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியில் தூங்குவது ஒன்றும் இங்கே புதிது இல்லை. மீன் சீசனுக்கு வேறு ஊர்களிலிருந்து வரும் சம்மாட்டிமாரும் தொழிலாளிகளும் கரையில் ஓலையால் வாடி போட்டு மாதக்கணக்கில் இருப்பாங்க. சிங்களத்திலும் அது "வாடிய"தான். கலா ஓயா களப்பில் வந்து சேரும் இடத்துக்குக் கங்கேவாடிய என்றே பெயர், ஆற்றங்கரை வாடி. தலவில புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு வருகிற ஜனம் கூடாரமும் கொட்டிலும் போட்டு நாட்கணக்கில் தங்கும். எல்லாருக்கும் முந்தி 1344 இல் இப்னு பதூதா வந்து இறங்கிய "பத்தாலா" புத்தளம்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவா ஆதம் மலையைப் பார்க்கவேண்டும் என்று கேட்டு, சாமான் தூக்க ஆட்களோடு தெற்கே சிலாபம் பக்கமாகப் போனார். அந்த வழி எங்கட பக்கத்தால்தான் போயிருக்கும். பேக்பேக்கர் என்று இப்போது சொல்கிற ஆளுக்கு இவரை விடப் பெரிய உதாரணம் வேண்டுமா? என்ன, அவர் தன் பையைத் தானே தூக்கவில்லை.

ஆனால் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது யாருக்கும் இப்னு பதூதா ஞாபகம் வரவில்லை.

எங்கட ஏழு பேரில் மூன்று பேரின் குடும்பம் 1990 இல் வந்தது. அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் 2 மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகுகளில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். பெரும்பாலானவர்கள் புத்தளத்தில்தான் தங்கினார்கள், ஓலைக் கொட்டிலும் தறப்பாளுமாக. உலக வங்கியின் நிதியில் வீடமைப்புத் திட்டம் தொடங்கியது 2007 இல். அதற்குள் 17 வருஷம் போய்விட்டது. கேம்பில் பிறந்து, கேம்பில் பள்ளிக்கூடம் போய், கேம்பிலேயே கல்யாணம் முடித்தவர்கள் இருக்காங்க.

கூட்டாளி ஒருத்தனின் உம்மும்மாவிடம் "கேம்பிங் போறோம்" என்று சொன்னதும் அவங்க கேட்டது ஒரே கேள்விதான்: "வீடு இருக்கும்போது ஏன் மகன்?"

எங்களுக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் அதைப் பற்றியே கதைச்சோம். ஒருத்தன் சொன்னான், "அப்போ விடுவோம், அவங்களுக்கு மனசு நோகும்." இன்னொருத்தன் சொன்னான், "அவங்கட கஷ்டத்தை நாமளும் ஒரு நாள் அனுபவிச்சுப் பார்ப்போம்." இரண்டும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. முக்கியமாக இரண்டாவது. 6,000 ரூபாய்த் தூங்கும் பையை வைத்துக்கொண்டு ஒரு இரவு மணலில் படுத்தால் அகதி வாழ்க்கை விளங்கிவிடாது. துணி ஒன்றுதான், மணலும் ஒன்றுதான். ஆனால் எங்கட சட்டைப்பையில் வீட்டுச் சாவி இருந்தது. நாளைக்குத் திரும்பிவிடுவோம் என்று தெரிந்து படுக்கிறவனும், என்றைக்குத் திரும்புவோம் என்று தெரியாமல் படுக்கிறவனும் ஒரே கூடாரத்தில் படுத்தாலும் ஒரே இடத்தில் இல்லை. இதைத் திரும்பப் போய் உம்மும்மாவிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்தப் பக்கம் வாசல் வைப்பீங்க?" என்று கேட்டாங்க. அதுதான் எங்களுக்குக் கிடைத்த அனுமதி.

வாப்பாமாரின் பயம் வேறு. 2019 ஜனவரியில் வண்ணாத்திவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிபொருட்கள் பிடிபட்டன. ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல். மே மாதம் எங்கட மாவட்டத்திலேயே முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு ஓர் உயிரும் போனது. அதுக்குப் பிறகு, பெரிய பையை முதுகில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் போகும் ஏழு முஸ்லிம் பொடியன்மார் என்றால் பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும் என்று எங்களுக்கும் தெரியும். அதனால் போகும் இடம், நாள், பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட்டுத்தான் போனோம். அப்படியும் வழியில் ஒரு சாவடியில் இறக்கினார்கள். நீளப் பையில் என்ன என்று கேட்டார்கள். கம்பி என்றோம். நம்பவில்லை. கடைசியில் வீதியோரத்திலேயே டெண்டை விரித்து நிமிர்த்திக் காட்டினோம். சுருட்டத்தான் அரை மணித்தியாலம் எடுத்தது. அதிகாரி சிரித்துவிட்டுப் போகச் சொன்னார், நாங்களும் சிரித்தோம். ஆனால் எங்களுக்கு முன்னால் போன வேனிலும் டெண்ட் இருந்தது, அதை யாரும் இறக்கச் சொல்லவில்லை.

இனி, போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம்.

வில்பத்துவுக்குள் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கமுடியாது. 1,300 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட தேசிய பூங்கா அது, நாட்டிலேயே பெரியது. சிறுத்தையும் கரடியும் இருக்கு, வாகனத்தை விட்டு இறங்கவே விடமாட்டாங்க. உள்ளே இரவு தங்குவதென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு செய்து, அவங்க காட்டும் இடத்தில் மட்டும்தான். வில்லுகளைப் பார்க்க ஆசை என்றால் ஜீப்பில் போங்க. காட்டுக்கு வெளியே டெண்ட் அடிக்கக் கங்கேவாடியப் பக்கம் நல்லது, கண்டல் மரங்களுக்கு நடுவே கலா ஓயா அவ்வளவு அழகு. ஆனால் ஆற்றில் முதலை இருக்கு, இரவில் யானை வரும். ஊர் ஆட்கள் காட்டுகிற இடத்தில்தான் அடிக்கணும், சாப்பாட்டை டெண்டுக்குள் வைக்கக்கூடாது.

மணலில் முளை நிற்காது. சோழகக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை கற்பிட்டிக் கரையில் கைட் சேர்ஃபிங் நடப்பதே அந்தக் காற்றின் பலத்தால்தான். சீலைப் பைகளில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதையுங்க. அசையாது. மணல்மேட்டின் உச்சியில் அடிக்காதீங்க, படம் அழகாக வரும், தூக்கம் வராது. மேட்டில் படர்ந்திருக்கும் கொடிகளைப் பிடுங்கவும் வேண்டாம், மணலைப் பிடித்துவைத்திருப்பதே அதுதான். கரையில் வாடி இருந்தால் முதலில் அங்கே போய் ஸலாமோ வணக்கமோ சொல்லுங்க. வலை காயப் போடும் இடமும் தோணி இழுக்கும் வழியும் அவங்களுக்குத்தான் தெரியும், அது அவங்கட தொழில் இடம். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீட்டராவது வேண்டும், கரைக் கிணறுகளை நம்பமுடியாது. கொண்டுபோன குப்பை திரும்ப வரணும். கொழும்புக் குப்பை அருவக்காட்டுக்கு வரக்கூடாது என்று வீதியில் இறங்கிக் கத்திய ஊர் ஆட்கள் நாம். நம்மட பிளாஸ்டிக்கை நாமே மணலில் விட்டுவிட்டு வந்தால் அந்தக் கத்தலுக்கு என்ன மரியாதை?

வாசல் விஷயம்: காற்று வரும் பக்கம் முதுகு, எதிர்ப் பக்கம் வாசல். மழைக்கு முன் சுற்றிவர ஒரு சாண் அகலத்தில் கான் வெட்டணும், போகும்போது மூடிவிடணும். அடுப்பை வாசலுக்கு நேரே வைக்கக்கூடாது. இதெல்லாம் யூடியூப்பில் படித்தது இல்லை. உம்மும்மா 17 வருஷத்தில் படித்தது.

டெண்ட் வாங்க முதல் உங்கட வீட்டிலும் கேட்டுப் பாருங்க. வாடியில் இருந்த வாப்பா, திருவிழாக் கொட்டிலில் படுத்த அம்மா, கேம்பில் வளர்ந்த மாமி, யாராவது ஒருத்தர் இருப்பாங்க. அவங்களுக்குத் தெரிந்ததை முதலில் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்க. அவங்க வரச் சம்மதித்தால் கூட்டிக்கொண்டு போங்க. வேண்டாம் என்றால் ஏன் என்று வற்புறுத்தாதீங்க.