கம்மும் ஹாரன்



2013இல் ஒரகடத்தில் உற்பத்தியைத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டின் புதிய வண்டிகள் பலவற்றில் இன்று கிக்கர் இல்லை. பேட்டரி ஓய்ந்தால் வண்டியும் நின்றுவிடும். இரவுப் பணி முடித்து, ஆளில்லாச் சாலையில் வீடு திரும்பும் நம் பிள்ளைகளை எண்ணியே இதை எழுதுகிறேன்.

ஈய அமில பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும். நம் ஊர் வெயில் அந்த ஆயுளைக் குறைக்கும். வாங்கிய மாதத்தை நான் அதன்மேலேயே எழுதி வைக்கிறேன். முழுதாக சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். சார்ஜ் செய்தும் அது நிலைக்காமல், செல்ஃப் எடுக்கத் திணறினால் மாற்றிவிடுங்கள்.

பெரும்பாலும் விளக்கு மங்கியும் ஹாரன் கம்மியும் அது முன்னரே அறிவித்துவிடும். உழைத்துக் களைத்த மனிதரும் அவ்வாறே. உங்கள் வீட்டில் எவருடைய குரலேனும் கம்மியிருக்கிறதா? இன்றே விசாரியுங்கள்.