நிண்டெண்டோ டிஎஸ்: பழைய கேம் ஓடுமா?

புதிதாக ஒரு கேம் மெஷின் வந்தால் விற்பவர் அதன் வசதிகளை அடுக்குவார். வாங்குபவர் கேட்பது வேறு. “வீட்ல இருக்கிற பழைய கேம் இதுல ஓடுமா?”

2004 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த நிண்டெண்டோ டிஎஸ் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருந்தது. இரண்டு திரை, கீழே இருப்பது டச் ஸ்கிரீன், மைக், வயர் இல்லாமல் நண்பர்களோடு ஆடும் வசதி... எல்லோரும் பேசியது இதைத்தான். ஆனால் முன்பக்க விளிம்பில் இன்னொரு ஸ்லாட்டும் இருந்தது. 2001-ல் வந்த கேம்பாய் அட்வான்ஸின் கார்ட்ரிட்ஜை அதில் செருகினால் போதும், ஓடும்!

காரணம் இதுதான். டிஎஸ்ஸுக்குள் இரண்டு பிராசசர்கள். அதில் சின்னது, அட்வான்ஸில் இருந்த அதே ஏஆர்எம்7 வகை. பழைய கேம் வந்தால் அது பொறுப்பேற்கும். ஒரு திரையில் மட்டும் படம் வரும். அதற்கும் முந்தைய கேம்பாய், கேம்பாய் கலர் கார்ட்ரிட்ஜ்கள் ஓடாது. அவற்றுக்கு வேண்டிய 8 பிட் சிப் அட்வான்ஸுக்குள் தனியாக இருந்தது, டிஎஸ்ஸில் இல்லை. பழைய கேமைக் கேபிள் மாட்டி இரண்டு பேர் ஆடவும் முடியாது. மாட்ட இடமே கிடையாது.

இந்த ஸ்லாட்டின் அருமை 2006-ல் போகிமான் டைமண்ட், பேர்ல் வந்தபோது தெரிந்தது. அட்வான்ஸின் போகிமான் கார்ட்ரிட்ஜை அதில் வைத்தால், மாதக்கணக்கில் வளர்த்த போகிமான்களை ஆறு ஆறாகப் புதுக் கேமுக்குக் கூட்டி வரலாம். ஒருவழிப் பாதைதான், வந்தது திரும்பிப் போகாது. ஆனாலும் ஒரு பையனின் இரண்டு கோடை விடுமுறை உழைப்பு வீணாகவில்லையே!

2008-ல் டிஎஸ்ஐ வந்தது. கேமரா சேர்ந்தது, எஸ்டி கார்டுக்கு இடம் வந்தது, உடம்பு மெலிந்தது. இரண்டாவது ஸ்லாட் போயே போச்சு. பழைய டிஎஸ்ஸைக் கொடுத்துவிட்டு இதை வாங்கியவரிடம் இரண்டு கார்ட்ரிட்ஜும் இருக்கும், பாதை மட்டும் இருக்காது. 2011-ல் வந்த 3டிஎஸ்ஸில் டிஎஸ் கேம்கள் ஓடின. அந்த ஸ்லாட் திரும்பவில்லை.

காமர்ஸ் படிப்பவருக்கு இது புரியாத கணக்கல்ல. புது மெஷினுக்குக் கேம்கள் குறைவாக இருக்கும்போது பழைய கேம்கள்தான் வாடிக்கையாளரை உள்ளே இழுக்கின்றன. புதுக் கேம்கள் குவிந்த பிறகு அந்த ஸ்லாட் வெறும் செலவு. கம்பெனிக்கு அது சில பாகங்களின் விலை. வாங்கியவருக்கோ அதில் சேமித்து வைத்த நேரம். இந்த இரண்டாவது தொகை எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் ஏறுவதில்லை.

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கலரைப் பார்க்கும் முன் முன்பக்க விளிம்பைப் பாருங்கள். முதல் டிஎஸ், டிஎஸ் லைட் இரண்டில் மட்டும்தான் அந்த ஸ்லாட் உண்டு.